கார்ஸ்டன் குடும்பத்து ஜட்ஜ்

கருக்கம்பாளையம் ஜங்ஷனில் செத்துப்போனவர்கள் வரிசையில் வந்து நின்ற நாளைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் லெவல் கிராசிங் கேட்டைப் பற்றித்தான் சொல்வார்கள். அன்றைக்குக் கேட்டைத் திறக்க முடியாமல் பால் லாரி சுற்றிக்கொண்டு போனதையும், போய்ச் சேர்வதற்குள் பால் திரிந்ததையும், கேட் கீப்பர் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "சார், குறுக்கால நிக்கறது ஆளுகளாத்தானுங்க தெரியுது, ஆனா செத்தவங்கன்னு சொல்றாங்க, தொறக்கட்டுங்களா மூடட்டுங்களா" என்று மேலதிகாரியிடம் மன்றாடியதையும் சொல்லிச் சிரித்து முடித்த பிறகுதான் டெல்ஃபீன் பேச்சை எடுப்பார்கள். எடுக்கும்போது அவர்கள் குரல் தானாக இறங்கிவிடும்.

டெல்ஃபீன் கார்ஸ்டன் அந்த ஊர் ரயில்வே காலனியில் கடைசியாக மிஞ்சியிருந்த நாலைந்து சட்டைக்கார, அதாவது ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவள். மற்றவர்கள் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் கிளம்பிப் போன பிறகும் கவுனும் குடையுமாக இங்கேயே இருந்து, கான்வென்ட் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு ஏ பி சி டி சொல்லிக் கொடுத்தே கிழவியானவள். ஊரில் பாதிப் பேர் அவள் கையைப் பிடித்துத்தான் எழுதப் பழகினார்கள், அதனால் சொந்தமாகப் பிள்ளை குட்டி பெற்ற பிறகும் அவளை 'மிஸ்' என்றுதான் கூப்பிட்டார்கள். புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது, அவளும் அப்பா வீட்டுப் பெயருக்கே திரும்பியிருந்தாள். ஒரே மகன் ராட்னி, ஆறு வருஷமாகத் தீர்ப்பு வராத ஒரு கொலை வழக்கில் ஜெயிலில் கிடந்தான்.

ரயில்வே இன்ஸ்டிட்யூட் என்கிற காலனி கிளப்பின் வாட்ச்மேன் பழனிச்சாமி ஒரு சாயங்காலம் ஹாக்கி மைதானத்தில் மண்டை உடைந்து கிடந்தார். பக்கத்தில் ராட்னியின் ஹாக்கி மட்டை கிடந்தது. மட்டை யார் கைக்கும் போகும், யாரும் எடுத்திருக்கலாம் என்று டெல்ஃபீன் போலீஸிடம் சொன்னாள், வக்கீலிடம் சொன்னாள், பாதிரியாரிடம் சொன்னாள், காய்கறிக்காரியிடமும் சொன்னாள். "அன்னைக்கு அவன் கிரவுண்டுல இருந்து நேரா வீட்டுக்குத்தான் வந்தான். மஞ்சள் சோறும் கைமா உருண்டையும் சாப்பிட்டான். விழுந்து சேறாக்கிட்டு வந்த சட்டையை என் கையால தொவைச்சுப் போட்டேன். இவ்வளவு தெரிஞ்ச எனக்குத் தெரியாதா என் மகனைப் பத்தி?" கேட்டவர்கள் எல்லாரும், ஆமாங்க மிஸ், ஆமாங்க மிஸ் என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

ஜில்லாக் கோர்ட்டில் கேஸ் வருகிற நாளெல்லாம் அவள் காலை பஸ்ஸில் போவாள். அதே பஸ்ஸில், பின்பக்க சீட்டில், பழனிச்சாமியின் பெண்டாட்டி மரகதமும் மஞ்சள் பையோடு உட்கார்ந்திருப்பாள். ஒருத்தி மகனுக்காக, ஒருத்தி புருஷனுக்காக. இருவரும் ஒரே மரத்தடியில் தள்ளித் தள்ளி உட்கார்ந்து காத்திருப்பார்கள். உள்ளே போய் வருகிற தைரியம் மரகதத்துக்குக் கிடையாது, அதனால் டெல்ஃபீன் வெளியே வந்ததும் அவள் எழுந்து நின்று, "எப்பங்க போட்டிருக்கு?" என்று கேட்பாள். டெல்ஃபீன் அடுத்த வாய்தா தேதியைச் சொல்வாள். ஆறு வருஷத்தில் அந்த இரண்டு பெண்களும் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

டெல்ஃபீனுக்கு அந்த வாய்தா என்ற சொல்லே விஷமாகிவிட்டது. ஜட்ஜ் லீவு, வாய்தா. சாட்சி வரவில்லை, வாய்தா. புது ஜட்ஜ், மறுபடி முதலிலிருந்து. கண் மூடுவதற்குள் மகனை வெளியே பார்த்துவிட வேண்டும் என்ற ஒரே ஆசையில் அவள் இரவில் தூங்காமல், பகலில் தின்னாமல், கவுன் எல்லாம் தொளதொளத்துப் போய்த் திரிந்தாள். மனுப் போட்டு ஜெயிலுக்குப் போய்ப் பார்த்தால் ராட்னி கம்பிக்கு அந்தப் பக்கம் தலையைக் குனிந்துகொண்டு, "தீர்ப்பு வராட்டியும் பரவாயில்லை மம்மி, விட்டுடுங்க" என்பான். பிள்ளை மனசு விட்டுப்போயிற்று என்று நினைத்து அவள் பஸ் முழுக்க அழுதுகொண்டு வருவாள்.

இப்படி அழுது வந்த ஒரு நாளில்தான் வக்கீல் குமாஸ்தா சிவப்பிரகாசம், வெற்றிலையை மென்றுகொண்டு, இந்தக் கிழவி தினமும் வந்து நச்சரிக்கிறாளே என்ற எரிச்சலில் ஒரு வார்த்தையை விட்டார். "ஏம்மா, உங்க சொந்தபந்தத்துல ஒரு ஜட்ஜ் இருந்தா சொல்லுங்க, ஒரே நாள்ல முடிச்சிரலாம். இல்லீன்னா இப்படித்தான்."

வேறு யாராக இருந்தாலும் அதைக் கிண்டல் என்று புரிந்துகொண்டு நாலு வார்த்தை திட்டிவிட்டு வந்திருப்பார்கள். ஆனால் ரயில்வே காலனிச் சட்டைக்காரர்களின் சங்கதி வேறு. அங்கே எந்த வீட்டிலும் கேக் தீர்ந்துபோகும், ரம் தீர்ந்துபோகும், சீமையிலிருந்த பெரிய மனிதர்கள் மட்டும் தீரவே மாட்டார்கள். ஒரு வீட்டில் ஜெனரல், ஒரு வீட்டில் பிஷப், கரி அள்ளிப்போடும் ஃபயர்மேன் வீட்டில்கூட ஒரு பிரபு இருப்பார். டெல்ஃபீனின் அப்பா லெஸ்லி, மெயில் டிரைவர், ரெண்டு கிளாஸ் உள்ளே போனதும், கார்ஸ்டன் வம்சத்தில் ஒரு ஜட்ஜ் உண்டு, ராஜா காலத்து ஜட்ஜ், குதிரையில் ஊர் ஊராகப் போய்த் தீர்ப்புச் சொன்னவர் என்று ஆரம்பித்துவிடுவார். அவள் அம்மா, ஆமாம் ஆமாம், இப்போது தட்டைக் கழுவுங்கள் என்பாள். குமாஸ்தா சொன்னதும் டெல்ஃபீனுக்கு அந்த ஜட்ஜ் ஞாபகம் வந்தது. சொந்தத்தில் ஜட்ஜ் இருக்கிறாரே, இத்தனை வருஷம் இது தோன்றாமல் போயிற்றே என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

கல்லறைத் திருநாள் வந்தது. ஊர்க் கிறிஸ்தவர்கள் எல்லாரும் அவரவர் சொந்தங்களின் கல்லறைக்கு வெள்ளையடித்து, செவ்வந்தி மாலை போட்டு, மெழுகுவத்தி ஏற்றுகிற நாள். டெல்ஃபீன் காலையிலேயே சுண்ணாம்பு வாளியோடு போய், லெஸ்லியின் கல்லறையைத் தேய்த்துக் கழுவி, வெள்ளையடித்துவிட்டு, ஈரம் காய்வதற்குள்ளேயே கேட்டுவிட்டாள். "டாடி, நம்ம ஜட்ஜ் எங்கே இருக்கிறார்? எனக்கு அவர் வேண்டும்."

லெஸ்லி கல்லறை மேல் எழுந்து உட்கார்ந்து, கவுன் நுனியில் சுண்ணாம்பு ஒட்டியிருக்கிறது பார் என்று சொல்லிவிட்டு, டிரைவர் தொப்பியைச் சரி செய்துகொண்டார். "எனக்கு நேராகத் தெரியாது மகளே. என் அப்பாவைத்தான் கேட்க வேண்டும்." திரும்பிப் பார்த்தார். அவர் அப்பா, ரயில் கார்டாக இருந்தவர், கைவிளக்கோடு பின்னால் நின்றிருந்தார். அவரும், என் அப்பாவைக் கேட்க வேண்டும் என்று திரும்பினார். அங்கே இன்னொருவர். இப்படியே கார்ஸ்டன் கார்ஸ்டனாகத் திரும்பத் திரும்ப, முதலில் ரயில்வேக்காரர்கள், அப்புறம் தந்திக்காரர், அப்புறம் சிவப்புக் கோட்டுப் போட்ட சிப்பாய், அந்தச் சிப்பாய்க்குப் பின்னால் கடல் தாண்டாமலே செத்தவர்கள், செருப்புத் தைத்தவன், ஆடு மேய்த்தவன், ஏதோ சண்டையில் காது போனவன் என்று அந்த வரிசை கல்லறைத் தோட்டத்தின் பின்வாசல் வழியாக வெளியேறி, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, தார் ரோட்டில் இறங்கி, லெவல் கிராசிங்கைக் குறுக்கே அடைத்துக்கொண்டு நின்றது. கடைசியில், கேட் கீப்பரின் ஸ்டூலில், கம்பளி வைத்துத் தைத்த நீள அங்கியோடு அந்த ஜட்ஜ் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் ஒரு வேலைக்காரன், கையில் கயிற்றுச் சுருள்.

ஊர் இதை எடுத்துக்கொண்ட விதம்தான் சொல்ல வேண்டியது. வெயிலில் நிற்கிறார்களே என்று பெண்கள் மோர் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். செத்தவர்கள் டம்ளரை வாங்கிக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்து, குடிக்காமல் அப்படியே திருப்பிக் கொடுத்தார்கள், மோர் பல் கூசுகிற அளவுக்குக் குளிர்ந்திருந்தது. இதைக் கண்டுபிடித்த பேக்கரிக்காரர் தன் கடை கலர் பாட்டில்களை எல்லாம் ஆளுக்கொன்றாகக் கையில் கொடுத்து நிற்க வைத்துவிட்டார். பாதிரியார் ஸ்தனிஸ்லாஸ் வரிசை நெடுகப் போய் யார் யார் எந்தச் சபை என்று விசாரித்து, "நடுவுல கொஞ்சப் பேர் வேற சபைக்குப் போயிருக்காங்க, ஆனா கடைசியில நிக்கிறவங்க பூராவும் நம்ம ஆளுங்கதான்" என்று திருப்தியோடு திரும்பி வந்தார். கான்வென்ட் இங்கிலீஷ் வாத்தியார் ஒவ்வொருவரிடமும் பேசிப் பார்த்துக்கொண்டே போனவர், பாதியிலேயே ஒரு எழுத்தும் புரியாமல் தலைவலித் தைலம் தடவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்த வரிசையில் மகனுக்கு அப்பன் பேச்சுப் புரியும், அப்பனுக்குத் தாத்தன் பேச்சுப் புரியும், அதற்கு மேல் யாருக்கும் யார் பேச்சும் புரியாது. ஆகவே எதைச் சொல்வதானாலும் வாய் மாற்றி வாய் மாற்றித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

சிவப்புக் கோட்டுச் சிப்பாய்க்குப் பக்கத்தில் மட்டும் ஒரு பெண் இருந்தாள், கண்டாங்கிச் சேலை கட்டி, ரோட்டோரப் புல்லில் காலை நீட்டிக்கொண்டு. எந்தக் கல்லிலும் பெயர் வெட்டப்படாத அவன் பெண்டாட்டி அவள். "எம் பேரு பொன்னுத்தாயிங்க. இவிய எல்லாம் எங்கெங்கிருந்தோ வந்திருக்காங்க, நான் எங்கிருந்தும் வர்ல, இங்கயேதான் கெடக்கறேன்" என்று சொல்லி ஊர்ப் பெண்களிடம் வெற்றிலை வாங்கிப் போட்டுக்கொண்டாள். மரகதமும் அவளுக்குப் பக்கத்தில் வந்து, மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

டெல்ஃபீன் தன் வழக்கைச் சொன்னாள். லெஸ்லி அதைத் தன் அப்பாவிடம் சொன்னார், அவர் அவரிடம், அவர் அவரிடம். வார்த்தை கல்லறைகளைத் தாண்டி, தொட்டியைத் தாண்டி, தார் ரோட்டில் இறங்கிப் போவதைக் கூட்டம் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. ஸ்டூலில் இருந்தவர் காதைக் கொடுத்துக் கேட்டார். அவர் பதில் அதே வழியாக ஊர்ந்து ஊர்ந்து திரும்பி வந்து லெஸ்லியின் வாயில் முடிந்தது.

"தாயின் சொல் மட்டும் போதாது. வக்கீலும் வேண்டாம், காகிதமும் வேண்டாம் என்கிறார். அவர் காலத்து வழக்கம் இதுதானாம்: செத்தவனும் பிடிபட்டவனும் குடியிருந்த இடத்துக்காரர்கள் பன்னிரண்டு பேர் வந்து, சத்தியம் பண்ணி, தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்ல வேண்டும். அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல் எதுவும் நடப்பதில்லை என்கிறார். அவன் செய்யவில்லை என்று அவர்கள் சொன்னால் ஜெயில் கதவு இப்போதே திறக்கும். செய்தான் என்று சொன்னால், பொழுது சாய்வதற்குள் கயிறு. சம்மதமா என்று கேட்கிறார்."

"சம்மதம்!" என்று டெல்ஃபீன் கத்தினாள். அவள் முகத்தில் ஆறு வருஷத்துக்குப் பிறகு ரத்தம் ஓடியது. இதற்கா இத்தனை நாள் அலைந்தோம்? பன்னிரண்டு பேர் என்ன, இருநூறு பேர் வருவார்களே! ராட்னியைத் தூக்கி வளர்த்தவர்கள், அவன் கோல் போட்டபோது தோளில் சுமந்து காலனியைச் சுற்றியவர்கள், எல்லாரும் இதோ மோர் டம்ளரோடு நிற்கிறார்களே. அவள் கூட்டத்தைப் பார்த்து இரண்டு கையையும் விரித்தாள். "வாங்க! வந்து சொல்லுங்க!"

கூட்டம் டம்ளரைக் கீழே வைத்தது. ஒருவர் மாட்டுக்குத் தண்ணி காட்டணும் என்றார். ஒருவர் ஷெட்டில் டூட்டி இருக்கிறது என்றார். பேக்கரிக்காரர் பாட்டில்களைச் சேகரிக்கத் தொடங்கினார். டெல்ஃபீனுக்கு முதலில் விளங்கவில்லை, அப்புறம் கோபம் தலைக்கேறியது. "பயமா? யாருக்குப் பயப்படுறீங்க? ஒரு வார்த்தை சொல்றதுக்கு வாய் இல்லையா? உங்க எல்லாருக்கும் நான்தானே வாயைத் தொறக்கச் சொல்லிக் கொடுத்தேன்!" என்று ஒவ்வொருவர் சட்டையையும் பிடித்து இழுத்தாள். திட்டினாள். கும்பிட்டாள். கடைசியில், சுண்ணாம்பு ஒட்டிய கவுனோடு ரோட்டில் முழங்கால் போட்டு, ஒரு காலத்தில் தன்னிடம் மூக்கு ஒழுக ஒழுக வந்து உட்கார்ந்த பிள்ளைகளின் காலைப் பிடித்தாள். "என் மகனைக் காப்பாத்துங்க. வேற எதுவும் கேக்க மாட்டேன்."

அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் அவர்கள் வந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக வந்து கல்லறைத் தோட்டத்து வாசலில் இருந்த தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்றார்கள். பாதிரியார் சத்தியம் வாங்கினார். அதற்குப் பிறகு ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. வரிசையில் நின்ற கார்ஸ்டன்கள் காத்திருந்தார்கள், ஸ்டூலில் இருந்தவர் காத்திருந்தார், கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கூட்ஸ் வண்டி ஊதி ஊதி ஓய்ந்தது. மரத்தடியில் நின்றவர்கள் அவரவர் கால் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"சொல்லு சரசு!" டெல்ஃபீன் பக்கத்து வீட்டுக்காரியின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "நீ சொல்லு! அன்னைக்கு அவன் வீட்டுக்கு வந்ததை நீ பார்த்தே இல்ல? நான் சட்டை தொவைச்சதைப் பார்த்தே இல்ல?"

சரசு அழுதாள். "வேண்டாமுங்க மிஸ். கேக்காதீங்க."

"சொல்லு!"

"நீங்க தொவைச்ச தண்ணி எங்க வாசப்படிய ஒட்டித்தானுங்க மிஸ் ஓடுச்சு." அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டே சொன்னாள். "விடிஞ்சா போலீசு வரும்னுட்டு, ஒரு கொடம் தண்ணி ஊத்தி நாந்தான் கழுவி உட்டனுங்க."

வாரத்துக்கு இரண்டு தடவை குழாயில் தண்ணீர் வந்தாலே விசேஷம் என்று இருக்கிற ஊர் அது. அங்கே வெறும் சேற்றைக் கழுவ யாரும் ஒரு குடம் தண்ணீரைக் கொட்ட மாட்டார்கள். டெல்ஃபீன் மரத்தடியில் நின்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள், ஒவ்வொன்றிலும் அதுவே இருந்தது. அவர்கள் பயந்து வாயை மூடியிருக்கவில்லை. ஆறு வருஷமாக, ஆமாங்க மிஸ், ஆமாங்க மிஸ் என்று அவளைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார்கள். அந்தத் தண்ணீரின் நிறம் இப்போது அவளுக்கு ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்தது என்று சொல்வதும் சரியில்லை, அது அங்கேயேதான் இருந்தது, அவள்தான் அதைச் சுற்றிக்கொண்டு போய் வந்துகொண்டிருந்தாள். தீர்ப்பு வராட்டியும் பரவாயில்லை மம்மி என்று அவன் சொன்னது எதற்கென்றும் அப்போதுதான் விளங்கியது.

லெஸ்லி தொண்டையைச் செருமினார். வரிசை வழியாக இன்னொரு கேள்வி வந்திருந்தது. "மரத்தடியில் பதினொரு பேர்தான் நிற்கிறார்களாம், மகளே. இவர்கள் சொல்வதற்கு முன்னால் இன்னும் ஓர் ஆள் வேண்டும் என்கிறார். பிடிபட்டவனுக்கு எல்லாரையும்விடக் கிட்டக் குடியிருந்தது யார், அந்த ஆளைக் கூப்பிடு என்கிறார்."

யாரும் அவளைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு ஒவ்வொருவரும் படாத பாடு பட்டார்கள். மரகதம் மட்டும் பொன்னுத்தாயி பக்கத்திலிருந்து எழுந்து, மஞ்சள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நேராக அவளையே பார்த்தாள்.

டெல்ஃபீன் போய் அந்தப் பதினொரு பேரோடு வரிசையில் நின்றாள். சத்தியம் செய்தாள். மஞ்சள் சோறும் கைமா உருண்டையும் என்று சொல்ல வாயைத் திறந்தாள், ஆயிரம் தடவை சொன்னதுதான், தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடியதுதான், அன்றைக்கு அது வரவில்லை. இன்னொன்றைச் சொல்ல முயன்றாள். அதைச் சொன்னால் கயிறு. ஒரு தாய் அதை எப்படிச் சொல்வாள்? பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வேலைக்காரன் கயிற்றுச் சுருளை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டான்.

"டாடி," என்றாள். மறுபடியும் சொன்னாள். "டாடி, வாய்தா வேணும்னு சொல்லுங்க."

லெஸ்லி திரும்பித் தன் அப்பாவிடம் சொன்னார். அவர் அவரிடம், அவர் அவரிடம். ரயில்வேக்காரர்கள் வழியாக, சிப்பாய் வழியாக, செருப்புத் தைத்தவன், ஆடு மேய்த்தவன், காது போனவன் வழியாக அந்த வார்த்தை கேட் வரைக்கும் போயிற்று. அங்கி போட்டவர் மரத்தடியை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தார். அந்தத் தூரத்திலிருந்து அவர் முகம் தெரியவில்லை. எழுந்தார், ஸ்டூலை ஓரமாக நகர்த்தி வைத்தார், ஏதோ சொன்னார், சொன்னது திரும்பி வரத் தொடங்கியது. ஒவ்வொரு கார்ஸ்டனும் அதை முன்னால் நின்ற மகனிடம் சொல்லிவிட்டு இல்லாமல் போனான். கேட் திறந்தது. கூட்ஸ் வண்டி போயிற்று. பொன்னுத்தாயி இருந்த இடத்தில் வெற்றிலைக் காம்பு மட்டும் கிடந்தது. கடைசியாக லெஸ்லி மகளின் காதில் தேதியைச் சொல்லிவிட்டு, வெள்ளையடித்த கல்லுக்குள் படுத்துக்கொண்டார்.

கூட்டம் சத்தமில்லாமல் கலைந்தது. சரசு, மிஸ் வாங்க வீட்டுக்குப் போலாம் என்று கையைத் தொட்டாள், டெல்ஃபீன் நகரவில்லை. கல்லறைகளில் மெழுகுவத்திகள் எரியத் தொடங்கியிருந்தன.

மரகதம் கிட்டே வந்தாள். எல்லாவற்றையும் அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். சேலையில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டு, கோர்ட் வாசலில் கேட்கிற அதே குரலில் கேட்டாள். "எப்பங்க போட்டிருக்கு?"

டெல்ஃபீன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அடுத்த கல்லறைத் திருநாளைக்கு."

"சரிங்க," என்றாள் மரகதம். "அன்னைக்கும் வர்றனுங்க."